முள் எடுத்த நிலம்

மகனே,

காவலாளி சுடலைமுத்துவுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. இன்று காலை மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் அவருடைய வக்கீலின் குமாஸ்தா என்னிடம் சொன்னார். உள்ளே போய்க் கோர்ட் ஊழியர் ஒருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மிக்கேலின் மரணம் பற்றிய சப் கலெக்டர் விசாரணை வரும் திங்கட்கிழமை தொடங்குகிறது என்பதும், அதில் நீதான் முதல் சாட்சி என்பதும் அதே கோர்ட் வளாகத்தில் கிடைத்த செய்திகள். உனக்கான சம்மன் மெட்ராஸ் முகவரிக்குப் போயிருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு முன்பே அது வந்து சேர்ந்திருக்கலாம்.

நீ அனுப்பிய வாக்குமூலத்தின் நகலும் எனக்கு வந்தது. ஆங்கிலத்தில் பிழை இருந்தால் திருத்தி அனுப்பும்படி எழுதியிருந்தாய். கல்லூரியில் சேர விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து இது நம் வழக்கம். நீ எழுதுவாய், நான் சிவப்பு மையில் திருத்துவேன். வழக்கம்போலப் பேனாவை எடுத்து, முதல் பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தவும் செய்தேன். இரண்டாம் பக்கத்துக்கு வந்த பிறகுதான் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டேன். முதல் பக்கம் உன் ஆங்கிலம். இரண்டாம் பக்கம் உன்னுடையது அல்ல; கம்பெனி வக்கீல் சொல்லச் சொல்ல நீ எழுதியிருக்கிறாய். முன்கூட்டி அறிய முடியாத ஒரு 'பிட்ஃபால்' காரணமாக அந்த மனிதர் உயிரிழந்தார் என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அபாயத்தைக் குறிக்க வைத்திருந்த முட்கிளைகளைக் காவலாளி விறகுக்காக, யாருடைய அனுமதியும் இல்லாமல் எடுத்துப் போனார் என்று அடுத்த வாக்கியம் இருக்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தச் செய்தியை நான் பத்திரிகைக்கு எழுதவில்லை. என் மகன் அந்தக் கம்பெனியில் எஞ்சினியராக வேலை பார்க்கிறான் என்று ஆசிரியரிடம் சொல்லி அன்றைக்கே விலகிக்கொண்டேன். இளைய நிருபர் ஒருவர் எழுதினார். நாலு வரி வந்தது. மறுநாள் பேருந்து நிலையத்து டீக்கடையில் ஒருவர் பேப்பரை மடித்து என் முன்னால் போட்டார். "ஏன் அண்ணாச்சி, மந்திரி தும்முனா நாலு பத்தி போடுதீய. மனுசன் செத்தா நாலு வரியா?" என்றார். நான் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்பதை உனக்காவது எழுதிக் காட்டுகிறேன்.

புதுத் துறைமுகம் திறந்த மறு வருஷம், கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே ஒரு தனியார் கம்பெனி கிடங்கு கட்ட இடம் வாங்கியது. தாழ்ந்த நிலம். சுற்றிலும் கரை எழுப்பி, கடலடியில் தோண்டிய சேற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து நிரப்பினார்கள். மேல் சேறு வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, வற்றிய குளம்போல ஆகிவிடும். அடியில் ஆள் உயரத்துக்கும் மேலே கூழாகவே கிடக்கும். கடலுக்குப் போகிறவர்களும் உப்பளத்துக்குப் போகிறவர்களும் அந்த வழியே குறுக்காக நடப்பது கம்பெனி வருவதற்கு முன்பிருந்தே உள்ள பழக்கம். சேறு நிரம்பத் தொடங்கியதும், உப்பளத்து ஆட்கள் யாரும் கேட்காமலே, இறுகாத இடங்களைச் சுற்றி முள் நிறைந்த உடைமரக் கிளைகளை வெட்டி நட்டார்கள். சென்ற மாதம் ஒரு நாள் அந்தக் கிளைகள் அத்தனையும் எடுக்கப்பட்டன. இரண்டு நாள் கழித்து, கடல் கலங்கியிருந்ததால் சங்கு குளிக்கப் போனவர்கள் உச்சி வேளையிலேயே கரைக்குத் திரும்பினார்கள். அவர்களில் ஒருவரான மிக்கேல் வழக்கம்போலக் குறுக்கே நடந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் சேற்றைச் சுற்றிய கரையிலிருந்து பார்த்திருக்கிறார். மார்பு வரை உள்ளே போனவர் கையைத் தூக்கி, கிட்டே வரவேண்டாம் என்று அவரைத் தடுத்தாராம். பலகையும் கயிறும் வந்து சேர்ந்தபோது மேலே எதுவும் தெரியவில்லை. அவருடைய வள்ளத்து ஆட்களே மறுநாள் பலகை போட்டு உடலை எடுத்தார்கள். கம்பெனி உன்னை மிக்கேல் மூழ்கிய அன்று மாலையே மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டது. அதனால் அந்த உடலை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இனி அந்தச் சொல்லைப் பற்றி. தந்தி இயந்திரத்தில் வரும் செய்திகளை ராத்திரியும் பகலும் மொழிபெயர்த்துப் பிழைத்தவன் நான். 'பிட்ஃபால்' என்று வந்தால் கை தானாக 'மறைந்திருக்கும் ஆபத்து' என்றோ 'இடர்' என்றோ எழுதிவிடும். வட்டி விகிதத்திலும் இருக்கும், ஒப்பந்தத்திலும் இருக்கும், அயல்நாட்டுக் கொள்கையிலும் இருக்கும். ஒரு தடவைகூட நின்று யோசித்ததில்லை. உன் வாக்குமூலம் வந்த மறுநாள் கல்லூரி நூலகத்துக்குப் போய், பல தொகுதிகளாக உள்ள அந்தப் பெரிய அகராதியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். அதன் முதல் பாதி குழி. அந்தச் சொல்லே லத்தீனில் கிணற்றைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். இரண்டாம் பாதியை நாம் விழுவது என்று எண்ணிக்கொள்கிறோம். விழுவதோடு அதற்கு உறவு உண்டுதான். ஆனால் பழைய ஆங்கிலத்தில் ஏறக்குறைய அதே வடிவத்தில் ஒரு சொல் இருந்திருக்கிறது, அதற்குப் பொருள் பொறி. எலிப்பொறி என்கிறோமே, அந்தப் பொறி. ஆக, பொறியாக வெட்டிய குழி. மிருகத்தைப் பிடிப்பதற்காக ஆழமாக வெட்டி, மேலே கிளையும் தழையும் மண்ணும் பரப்பி, தரை போலத் தெரியும்படி செய்த குழி. யானை பிடிக்க நம் பக்கத்து மலைகளில் வெட்டியதும் அதுதான். மனிதர்களுக்கும் விவகாரங்களுக்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது பிற்பாடுதான். அப்படிப் பயன்படுத்தப் பயன்படுத்த, குழியை வெட்டியவன் கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சொல்லை விட்டுப் போய்விட்டான். விழுந்தவன் மட்டும் மிஞ்சினான். உன் வக்கீலுக்கு அந்தச் சொல் பிடித்திருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இயற்கையில் அப்படி ஒரு குழி கிடையாது. ஒருவன் வெட்ட வேண்டும், ஒருவன் மூட வேண்டும். கம்பெனி கரை எழுப்பிச் சேற்றை நிரப்பியது. அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன், நிலத்தை மேடாக்குவது அப்படித்தான். ஆனால் யானைக் குழியை மூடுவதற்குக் கிளையைப் போட்டார்கள். இங்கே கிளையை எடுத்ததால் குழி மூடிக்கொண்டது. ஏன் என்று மெட்ராஸ் வக்கீலுக்குத் தெரியாது. சப் கலெக்டருக்கும் தெரியாமல் இருக்கலாம், அவர் வடக்கத்திக்காரர். உனக்குத் தெரியும்.

நீ ஏழாவது படிக்கும்போது, உன் மாமா கங்காணியாக இருந்த உப்பளத்துக்கு லீவு நாட்களில் போவாய். கூலிக்காரர்களின் பிள்ளைகளோடு சேர்ந்து கிரிக்கெட் ஆடுவாய். ஒரு நாள் ஸ்டம்புக்காகப் பாத்தியோரத்தில் நட்டிருந்த உடைமுள் கிளைகளைப் பிடுங்கிவிட்டாய். மாமா தூரத்திலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏலே, எவம்லே முள்ளப் புடுங்குனது?"

"நான்தான் மாமா. ஸ்டம்புக்கு."

"ஸ்டம்புக்கா? நாளைக்கு ஒருத்தி தலைச்சுமையா உப்பு தூக்கிட்டு வருவா. முள்ள எடுத்துட்டாவளே, எடம் இறுகிட்டு போலன்னு காலை வைப்பா. அவ விழுந்தா அவுட்டு குடுக்கது யாரு, ஒங்கப்பனா?"

எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். அந்தக் கிளைகளைத் திரும்ப நடும்போது முள் குத்தி உன் உள்ளங்கை வீங்கிப்போனது. உப்பளத்தில் முள்ளை நட்டவர்தான் அதை எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் தானே அந்த இடத்தில் ஏறி நின்று மிதித்துப் பார்க்க வேண்டும். முள் இருக்கும் இடத்தில் நடக்காதே என்பது அந்த வழக்கத்தில் பாதிதான். முள்ளை எடுத்த இடத்தில் நடக்கலாம் என்பது மறுபாதி. கம்பெனி நிலத்தில் முள்ளே நட்டிருக்காவிட்டால் மிக்கேல் ஒருவேளை கரை வழியாகவே சுற்றிப் போயிருப்பார். நட்டு, பிறகு எடுத்திருந்ததால்தான் குறுக்கே நடந்தார்.

இதை நான் ஊகித்து எழுதவில்லை. அவருடைய மனைவி லூர்தம்மாளைப் போய்ப் பார்த்தேன். நிருபராக அல்ல என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். யாருடைய அப்பா என்பதையும் சொன்னேன். வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். கம்பெனித் தரப்பில் வேறு ஒரு பேச்சும் கிளம்பியிருக்கிறது, செத்தவர் குடித்திருந்தார் என்று. அதுதான் அவரை அதிகமாகச் சுட்டிருக்கிறது.

"குளிக்கிற நாள்ல அவுக பச்சத் தண்ணியே பாத்துத்தான் குடிப்பாவ அண்ணாச்சி. வயித்துல கனம் இருந்தா மூச்சு நிக்காது. சாராயம் குடிச்சாவன்னு எவன் சொல்லுதானோ, அவன ஒரு நாளு கடலுக்குள்ள முங்கச் சொல்லுங்க, பாப்போம். அவுக கண்ண மூடிட்டு நடக்கிற ஆளா? மொத நாளு ராத்திரிகூட என்கிட்ட சொன்னாவ, 'அந்த எடத்துல முள்ள எடுத்துட்டானுவ, இனிமே சுத்த வேண்டாம்'னு."

இதையும் விசாரணையில் அவர் சொல்லப்போகிறார். அழவில்லை. விவரமாக, ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல் சொன்னார்.

அடுத்து, முள்ளை எடுக்கச் சொன்னது யார் என்பது. இதற்கு எனக்கு வெளியிலிருந்து சாட்சி தேவையில்லை. நம் வீட்டுச் சமையலறையிலேயே அது பேசப்பட்டது. முள்ளை எடுத்த நாள் இரவு நீ உற்சாகமாக இருந்தாய். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் அம்மாவிடம் சொன்னாய்: "இன்னைக்குத்தான்மா அந்த எடம் பாக்கதுக்கு ஒரு எடம் மாதிரி இருக்கு. முள்ளையெல்லாம் புடுங்கச் சொல்லிட்டேன். மெட்ராஸ்லருந்து பெரிய ஆளு வாராரு, சுடுகாடு மாதிரி முள்ளா நட்டு வச்சிருந்தா நல்லாவா இருக்கும்?"

அம்மா கேட்டாள்: "புடுங்குன முள்ள என்னலே செஞ்சே? அடுப்புக்கு ஆகுமே."

"சுடலைமுத்த வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவச் சொன்னேன். அந்தாளுக்கு வாயெல்லாம் பல்லு."

நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். இடம் இறுகிவிட்டதா, யாராவது மிதித்துப் பார்த்தார்களா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்பதுதான் என் தொழில். அன்று கேட்கவில்லை. நீ கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை என்பதை அன்றைய உன் குரலை வைத்தே சொல்லுவேன். வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பையன், மேலதிகாரி வரும் நாளில் இடம் துப்புரவாக இருக்க வேண்டும் என்று நினைத்தான். அவ்வளவுதான். அந்த அளவில் அது தவறு. ஆனால் உன் வாக்குமூலத்தின் இரண்டாம் பக்கம் வெறும் தவறு அல்ல. அது நீ தெரிந்தே வெட்டும் குழி. அதில் விழப்போகிறவர் யார் என்பதும் உனக்குத் தெரியும்.

சுடலைமுத்துவைக் கிளைச் சிறையில் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய மனிதர். திருட்டு ஒன்று, அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தது ஒன்று என்று இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, நான் கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கினார்.

"அய்யா, சின்ன எஞ்சினியர் அய்யா சொல்லாம நான் ஒரு சுள்ளியத் தொட்டிருப்பனா? அவுக சொன்னாவ, எடுத்தேன். இறுகிட்டாய்யான்னு நானும் ஒரு வார்த்த கேட்டேன். 'அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம், நீரு முள்ளத் தூக்கும்'னாவ. வெறகுக்கு ஆசப்பட்டுத் திருடுனேன்னு எழுதி ரேகை வாங்கிட்டாவ."

பிறகு, "தம்பி மெட்ராஸ்ல சௌரியமா இருக்காவளா?" என்று கேட்டார். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் கேட்ட அந்த ஒரு கேள்வி உனக்கு நினைவிருக்கிறதா என்று நான் விசாரிக்கப் போவதில்லை. நினைவிருக்கும். எதிர்பாராதது என்று உன் வக்கீல் எழுதச் சொன்னதை, அந்தக் காவலாளி எதிர்பார்த்திருக்கிறார், உன்னிடமே கேட்டிருக்கிறார்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். வேலை போகும், கம்பெனி உன்னைக் கைகழுவிவிட்டு எல்லாம் உன் தலையில்தான் என்று சொல்லும். வழக்கு உன் பக்கம் திரும்பும். எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். தண்டனை வரலாம், அபராதத்தோடு போகலாம், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். தை மாதம் வைத்திருக்கும் கல்யாணம் நிற்கலாம். ஆத்தூரிலிருந்து பெண்ணின் அப்பா வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நெல் விலை, ஆற்றில் தண்ணீர் என்று சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது, "மாப்பிள்ளைக்கு ஒண்ணும் வராதுல்லா?" என்றார். வரலாம் என்றேன். காபி குடிக்காமலே போய்விட்டார்.

உன் அம்மா என்னோடு மூன்று நாட்களாகச் சரியாகப் பேசவில்லை. நான் நூலகத்துக்குப் போய் வந்த அன்று மட்டும் வெடித்தாள். "ஒங்க பேப்பருக்கு நான் பெத்த பிள்ளைதான் கெடச்சானா?" என்றாள். பேப்பருக்கு எழுதவில்லை என்றேன். "அப்ப எதுக்கு இந்த டிக்ஷனரி? பிள்ளைக்கு ஒண்ணுன்னா மனுசன் வக்கீலத் தேடுவான். நீங்க வார்த்தையத் தேடுதீய!" அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றைய சாப்பாட்டுப் பேச்சு எதுவும் தனக்கு ஞாபகம் இல்லை என்று என்னிடமே சொன்னாள். ஆனால் நேற்று என்னிடம் சொல்லாமல் சுடலைமுத்துவின் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறாள். வந்து வெகுநேரம் கழித்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "போலீசு எடுத்தது போக மிச்ச முள்ளு அப்படியே கெடக்கு. அவரு பொஞ்சாதி ஓல வச்சுத்தான் அடுப்பெரிக்கா. அந்த முள்ளத் தொடவே மாட்டேங்கா." திங்கட்கிழமை அவள் வருவாளா, வந்தால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. அவளை நான் வற்புறுத்தப் போவதில்லை.

உன்னையும் வற்புறுத்த என்னிடம் அதிகாரம் எதுவும் இல்லை. உனக்கு இருபத்தைந்து வயது. ஆனால் நீ முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு தகவல் இருக்கிறது, மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. அந்த இரவு நீ சொன்னதைக் கேட்டவர்களில் நானும் ஒருவன். என்னைச் சாட்சியாக யாரும் அழைக்கவில்லை. இப்படி ஒரு சாட்சி இருப்பது அவர்களுக்குத் தெரியாது. நீ சொல்வதற்கு முன் நான் வாய் திறக்க மாட்டேன். முதலில் சொல்லும் இடம் உன்னுடையது. அதை உன்னிடமிருந்து பறித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

உன் வாக்குமூலத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்தில் அந்த ஒரு எழுத்து மட்டும் திருத்தப்பட்டிருக்கும். மற்றதில் கை வைக்கவில்லை.

இன்னும் தெரியாதவை சில இருக்கின்றன. நீ எந்த ரயிலில் வருகிறாய் என்பது தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் தந்தி வரும் என்று அம்மா காத்திருக்கிறாள். மிக்கேலின் குடும்பத்துக்குக் கம்பெனி ஏதாவது செய்யுமா என்பதை விசாரணை அறிக்கை வந்த பிறகுதான் சொல்வார்களாம். அறிக்கை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. சுடலைமுத்துவின் வக்கீல் மறுபடியும் ஜாமீன் கேட்கிறார், செவ்வாய்க்கிழமை எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை காலை, சப் கலெக்டர் அலுவலகத்தில் முதலாவதாக உன் பெயரைக் கூப்பிடுவார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். நீ பேசி முடிக்கும்வரை அசைய மாட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நீ இறங்கினால், எழுந்து நிற்பேன்.

அப்பா